ஓநாய்க்கு யார் குரல்?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "கடையில ஆள் நிக்குது, வை" என்பாய். அதனால் எழுதுகிறேன். எப்படியும் டிக்கெட்டைத் தபாலில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. உள்ளே இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று அப்பாவுக்கு. வருகிற வெள்ளிக்கிழமை, காலைக் காட்சி, நம் ஊர் தியேட்டர்.

கதை என்று பெரிதாக எதிர்பார்த்துவிடாதே. ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பூட்டு ரிப்பேர்க்காரன். பகலில் வாயில்லாப்பூச்சி. பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறி ஊரில் ஒவ்வொருவராகக் கடித்துக் குதறுகிறான். கடைசியில் ஊரே கட்டையும் கம்புமாகத் திரண்டு அவனைத் துரத்துகிறது. நம் ஊரிலேயே எடுத்ததால் துரத்துகிறவர்கள் எல்லோரும் உனக்குத் தெரிந்த முகங்கள்தான். டெய்லர் முன்வரிசையில் ஓடுகிறார். மருந்துக்கடைக்காரர் மூன்றாவதாகச் சாகிறார். ஒழுங்காகச் செத்துத் தொலைக்கச் சொன்னால் மனிதர் கேட்கவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு வசனத்தைச் சேர்த்துக்கொண்டு செத்தார். டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓநாயை முழுதாகக் காட்டுவது கடைசியில்தான். அதுவரை குரல் மட்டும். ஆகவே யாராவது பயந்தால் அந்தப் பெருமை சவுண்டுக்காரனான உன் தம்பியைச் சேரும். அந்தக் குரலுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நிஜ ஓநாயின் ஒலியைப் போட்டுக் காட்டினால் டைரக்டர் "நாய் மாதிரி இருக்கு" என்றார். மிமிக்ரி ஆட்களைக் கூப்பிட்டோம், அவர்கள் கத்தியது மிமிக்ரி ஆட்கள் கத்தியது போலவே இருந்தது. "உள்ள ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டான்னு தெரியணும்ப்பா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது. எங்கே கிடைத்தது என்பதை நேரில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நீலச் சட்டையைப் போட்டுவிடு. கடைசியில் எழுத்து ஓடும்போது எழுந்துவிடாதே, என் பெயர் அங்கேதான் வரும். குரல் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுது. நன்றாக இருந்தது என்று எழுதினால் போதும்.

உன்,
குருவி


ஜனவரி 20

குருவிக்கு,

நீ போன் செய்தாய், எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன். குரல் என்ற ஒன்றே கொஞ்ச நாளைக்கு எனக்கு வேண்டாம். கேட்க வேண்டியதைத் தாளில் கேட்கிறேன், நீயும் தாளில் பதில் சொல்.

வெள்ளிக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வீட்டுக்கே ஆளை வரவழைத்து முகம் வழித்து, நீ சொன்ன நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். பக்கவாதம் வந்த பிறகு அவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். சக்கர நாற்காலியை வாசல் படியில் தூக்கிவிட்டது மருந்துக்கடைக்காரர்தான். "மூணாவது சாவு நான்தான், அப்ப மட்டும் கண்ண மூடிக்காதீங்க" என்று அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

முதலில் நம் தெருவைக் காட்டினார்கள். பாங்கு மூலை, மூடின கடைகள், மேலே நிலா. ஆள் யாரும் இல்லை. அப்போது அந்தக் குரல் வந்தது. முன்னால் இருந்து, பின்னால் இருந்து, நாற்காலிக்கு அடியில் இருந்து வந்தது. தியேட்டரே வீல் என்று கத்தியது. பிறகு, கத்தியதற்காக எல்லோரும் சிரித்தார்கள். நானும் கத்தினேன், நானும் சிரித்தேன். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று சிரிப்பு பாதியில் நின்றது.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் திரையையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாம் தடவை அந்தக் குரல் வந்தபோது அவர் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். வேலை செய்கிற அந்த ஒரு கையால். அதற்குப் பிறகு படம் முடியும்வரை கையைத் தொண்டையிலிருந்து எடுக்கவே இல்லை. "போலாமாப்பா?" என்று கேட்டேன், தலையாட்டவில்லை. எழுத்து ஓடியது, உன் பெயர் வந்தது, பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா வாய் திறக்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. தாகம் எடுத்தால் டம்ளரைத் தட்டுகிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா நேற்று டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "குறை எதுவும் இல்ல, அவருதான் வேணாம்னு இருக்காரு. இப்படியே விட்டா இருக்கிற குரலும் அடைச்சுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பஸ் முழுக்க நிற்கிற கூட்டத்தை ஒரே சத்தத்தில் உள்ளே நகர்த்தின கண்டக்டர் அவர், குருவி. இப்போது டம்ளரைத் தட்டுகிறார்.

நேராகக் கேட்கிறேன். அது அப்பாவா?

அக்கா


ஜனவரி 26

அக்கா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு நாள் தாளை மடித்து வைத்திருந்தேன். நீ கேட்கும்வரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வேகத்தைக் குறைத்து, கனத்தைக் கூட்டி, கூடவே ஒரு இரும்புக் கேட்டின் கிறீச்சையும் கலந்திருந்தேன். அப்படியும் உனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும்.

படப்பிடிப்புக்காக வீட்டில் தங்கியிருந்தேனே, அப்போதுதான். நீ கடைக்குப் போயிருந்தாய். நான் கூடத்தில் உட்கார்ந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா கத்தினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் முதலில் ஒலிப்பதிவு மெஷினைப் போட்டேன். அது ஓடுகிறதா என்று பார்த்தேன். பிறகுதான் உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார். "என்னப்பா வேணும்?" என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சே, நிறுத்திவிட்டாரே என்று தோன்றியது. தண்ணீர் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கத்தினார், இன்னும் நீளமாக. படத்தில் இருப்பது அந்த இரண்டாவது தடவைதான்.

என்னை நியாயப்படுத்தவில்லை, ஆனால் நீயும் ஒன்றை நினைத்துப் பார். சாயங்காலம் நீ வந்ததும் நான் கேட்டேன், அப்பா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று. "வலி" என்றாய். "சரியாகிடும், விடு" என்றாய். வலியில் வருகிற சத்தம், அர்த்தம் எதுவும் இல்லாதது, எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ரேடியோவில் கேட்டார்கள், எப்படிச் செய்தீர்கள் என்று. ஓநாய், இரும்புக் கேட்டு, அழுகிற குழந்தை எல்லாம் கலந்தது என்று அளந்தேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அடுத்த வாரம் டிவியில் பேட்டி இருக்கிறது. எனக்கு ஒரு பரிசு வரும் போலிருக்கிறது, அதற்காக. அதில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். இது என் அப்பாவின் குரல், நான் திருட்டுத்தனமாக எடுத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் அப்பா முகத்தில் விழிக்கலாம் என்று நினைக்கிறேன்.

குருவி


பிப்ரவரி 2

குருவிக்கு,

கொட்டு. நன்றாகக் கொட்டு. உனக்குப் பாரம் குறையும், ஊரே உன் நேர்மையைப் பாராட்டும். இங்கே உட்கார்ந்து கூட்டி அள்ளப்போவது யார்?

இங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பேசுகிறாய். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் தெருவில் ஓநாய் விளையாட்டு விளையாடுகிறார்கள். அதுகள் மேல் தப்பில்லை, அதுகளுக்கு அது சினிமா. ஆனால் அப்பா ஜன்னல் ஓரம் கட்டிலில் இருந்தார் அல்லவா? ஒவ்வொரு ஊளைக்கும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். ஜன்னலையும் மூடினேன். அவருக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்காகத்தான். ஜன்னல் திறந்திருக்கும்போது அவர் பழையபடி கத்திவிட்டால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அவர் கத்த வேண்டும் என்று டாக்டர் வரை போய் நிற்கிறேன், ஜன்னலையும் தாழ் போட்டு வைத்திருக்கிறேன். என் லட்சணம் இது.

டெய்லர் தன் மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாற்றக் கடைக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அந்த ஓநாய் சத்தம் இருக்குல்ல, முன்னாடியெல்லாம் உங்க வீட்டுப் பக்கம் அப்படி ஒண்ணு கேக்கும்" என்றார். நான் திருப்புளியை எடுத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, "டிவிய சத்தமா வைப்போம், அதுவா இருக்கும்" என்றேன். பெற்ற அப்பாவை டிவி என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஆகவே நீ டிவியில் எதையும் சொல்லக் கூடாது. சொல்லலாமா என்று கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அர்த்தம் இல்லாத சத்தம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி அம்மா ஆரம்பத்திலேயே எனக்கு விளக்கினார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது மனதுக்குள் சரியாக இருக்கிறது. உதடும் நாக்கும் ஒத்துழைக்காததால் மெய்யெழுத்தெல்லாம் உதிர்ந்துபோய் உயிரெழுத்து மட்டும் வெளியே வருகிறது. "மெய் போயிடுச்சு, உயிர் இருக்கு" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவுக்கே அது தெரியாமல் இருக்கலாம், முழு வார்த்தை சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். தியேட்டரில்தான் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

உன் பெயரில் மெய்யை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார். உ, உ, இ.

இரண்டு வருடமாக உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது. குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான், மலம் அள்ளுவது நான். வாயைத் திறந்தால் குருவி. நீ கேட்டபோது வலி என்று சொன்னது பொறாமையில்தான். பெயர் என்று சொல்லியிருந்தால் நீ பையை வீசிவிட்டு உள்ளே ஓடியிருப்பாய். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது என்றுதான் சொல்லவில்லை. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

பேட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரிசுக்கும் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்றேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டூடியோவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலப் பதிவைக் கேட்டேன். நான் ஏற்றிய கனம், கேட்டின் கிறீச்சு எதுவும் இல்லாமல். உ, உ, இ. கடைசி இ கொஞ்சம் மேலே போய் நிற்கிறது. சின்ன வயதில் விளையாடப் போனால் தெருமுனையில் நின்று கூப்பிடுவாரே, அப்போதும் அப்படித்தான் மேலே போய் நிற்கும்.

பக்கத்து அறையில் மின்விசிறி ஓடினால் ஷூட்டிங்கை நிறுத்தச் சொல்கிறவன் நான். இதை வைத்துத்தான் பிழைக்கிறேன். என் பெயர் எனக்குக் கேட்கவில்லை.

நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார் என்று எழுதினேனே. வந்துவிட்டேன், அதனால் நிறுத்தினார். நான் எழுந்து வந்ததும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். நான் கூடத்தில் உட்கார்ந்து, எவ்வளவு சுத்தமாகப் பதிவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிடக் கூப்பிட எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை. வரலாமா என்று மட்டும் சொல்.

குருவி


பிப்ரவரி 20

குருவிக்கு,

வரலாமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்னாலேயே வந்து, வாசலுக்கு வராமலே திரும்பிப் போகிற ஆளை என்னவென்று சொல்வது?

மருந்துக்கடைக்காரர் சொன்னார். "உங்க தம்பி வந்தாரே, தொண்டைக்கு மாத்திரை வாங்கினாரு, என் நடிப்பப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசல, கொஞ்ச நேரம் உங்க வீட்டையே பார்த்துட்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிட்டாரு" என்றார். அவருக்கு அவர் கவலை. எனக்கு, வேலையை விட்டுவிட்டு அத்தனை தூரம் வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறாயே என்று எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னல் மூடியிருந்ததைப் பார்த்திருப்பாய். அது உனக்காக மூடியது இல்லை.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். பயிற்சி அம்மா வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "திட்டவாச்சும் செய்யட்டுங்க, யாரையாவது திட்டுற அளவுக்குக் கோவம் வரட்டும்" என்கிறார் அந்த அம்மா. திட்டு வாங்க உன்னைவிட லாயக்கான ஆள் யார் இருக்கிறார்கள்?

ஆகவே வா. முன்வாசல் வழியாக, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கமாக வருகிற மாதிரி வா. நான் செய்ததையும் அவரிடம் நீயே சொல்லிவிடு. நானாகச் சொல்ல நாலு தடவை கட்டில் வரை போனேன், தலையணையைச் சரி செய்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பஸ்ஸிலேயே சாப்பிட்டேன்.

நான் சொன்னதையெல்லாம் நீ கதவருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். உன் பங்கை நான் சொல்லவே இல்லை, கவனித்தாயா? அது என் வாயில் வரவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

கிட்டே வா என்று அவர் கையைக் காட்டியபோது அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். காதைப் பிடித்துத் திருகினார். பக்கவாதக்காரர் பிடி மாதிரியா இருந்தது? சவுண்டுக்காரனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் பிடித்தார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நீ சமையலறைக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு பையைத் திறந்து அவர் எதிரில் கட்டிலில் கொட்டினேன். சட்டை, துண்டு, பிரஷ், உன் கடிதங்கள். மெஷின் இல்லை என்று காட்டினேன். சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினேன். பெற்ற அப்பா முன்னால் சோதனை கொடுக்கிற மாதிரி நின்றேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. என் முன்னால் இனி அவர் வாய் திறக்காமலே போகலாம். அது எனக்குத் தகும்.

தியேட்டரில் ஓடுவதை என்னால் நிறுத்த முடியாது. டிவிக்குப் போகிற பிரதியில் குரலை மாற்றிவிட்டேன். நானே கத்தினேன், தொண்டை கிழியும்வரை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியது அதற்காகத்தான். டைரக்டர் கேட்டுவிட்டு வெகுநேரம் முனகினார். "பயமாத்தான் இருக்கு. ஆனா பழசுல யாரையோ தேடுற மாதிரி ஒண்ணு இருந்துச்சுப்பா, அது இதுல இல்ல" என்றார். அப்பாவை ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்த மனிதருக்குக் கேட்டிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு, இதுவே இருக்கட்டும் சார் என்றேன்.

குருவி


மார்ச் 21

அன்புள்ள குருவிக்கு,

நீ போன மறுநாள் கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். ஜன்னலைத் திறந்தேன். பிறகு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நீங்கள் கூப்பிட்டது அவன் பெயரைத்தான் என்று தெரிந்தும் அவனிடம் வலி என்று சொல்லிவிட்டேன் அப்பா என்று சொன்னேன். என் காதைத் திருகவில்லை. என்னையே பார்த்தார். அதற்குத் திருகியிருக்கலாம்.

திங்கட்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரத்திலிருந்து ஆ, ஆ என்று கேட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குத் தோளில் வலி வருமே, அப்போது அப்படித்தான் சின்னதாக இரண்டு தடவை முனகுவார். டாக்டர் அதற்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், போட்டால் நன்றாகத் தூங்கிவிடுவார். இத்தனை நாள் கழித்துச் சத்தம் வந்ததே என்ற சந்தோஷத்தில், மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாயை இறுக்க மூடிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுப்பா, வலி குறைஞ்சிடும்" என்று வாயருகே கொண்டுபோனேன். கையால் தட்டிவிட்டார், மாத்திரை எங்கேயோ உருண்டு போனது. மறுபடியும் ஆ, ஆ என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குருவி ஊருக்குப் போயிட்டான்ப்பா" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார். விரலால் தன் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்தார். அழுத்திப் பிடித்துக்கொண்டு, சட்டென்று விட்டார். பா என்று வந்தது. மறுபடியும் பிடித்து விட்டார். பா. அந்த அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை அது. தன் குரலில் எது குறைகிறது என்று படத்தில் கேட்ட பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால் இந்த வீட்டுப் பாப்பா நான். நீ வந்ததும் பாப்பா நீயானாய், நான் அக்காவானேன். உன் வாயில் வந்ததையே அம்மாவும் அப்பாவும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கே மறந்துபோன பெயர் அது. அவர் மறக்கவில்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன், இந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஆ, ஆ. அத்தனைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறேன். பாப்பா என்று கூப்பிட்ட மனிதரை வாயைத் திறக்கவைத்து, தண்ணீரை ஊற்றி, போர்த்தித் தூங்கவைத்திருக்கிறேன். உனக்கு ஓநாயாகக் கேட்டது, எனக்கு வலியாகக் கேட்டது. உன்னிடம் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தையை நான் எனக்கு மட்டும் நிஜமென்று நம்பியிருக்கிறேன். உன் பெயருக்குப் பொறாமைப்பட்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் பெயர் காதில் விழவில்லை. உன்னை எவ்வளவு திட்டினேன்.

இன்று காலையில் கடைக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, எதிர்வீட்டில் ஆள் நின்றுகொண்டிருந்தது. அப்பா கூப்பிட்டார், நன்றாகச் சத்தமாக. போய் நின்ற பிறகுதான் பார்க்கிறேன், பழக்க தோஷத்தில் கை தானாகவே மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவர் பார்த்துவிடக் கூடாது என்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இங்கதான்ப்பா இருக்கேன்" என்றேன்.

அக்கா